பிரேசிலில் நமக்கு யார்?

பிரேசிலுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல வேண்டாம்.

மாண்ட்ரியலுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மூன்று தடவை நீண்ட லீவு எடுத்திருக்கிறோம். மூன்று தடவையும் ஆற்காடு. ஆற்காட்டுக்குப் போனால் லீவா அது? நாற்பது வீடு ஏறி இறங்கி, நாற்பது காப்பி குடித்து, "இன்னும் ஒரு விசேஷமும் இல்லையா?" என்ற ஒரே கேள்விக்கு நாற்பது தடவை சிரித்துவிட்டு, வயிற்றுப்போக்கோடு மாண்ட்ரியல் புறநகரில் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பி வருவோம். வந்த மறுநாளே அவர் டவுன்டவுன் ஆபீசுக்கு ரயில் பிடிப்பார், நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தச் சாம்பிள் குழாய்களோடு உட்காருவேன். போதுமடா சாமி என்று ஆகிவிட்டது.

அவர் பெயர் குணசீலன். மின்சார இன்ஜினியர். பிரேசிலில் கட்டப்போகும் ஏதோ ஓர் அணைக்கு மின்கம்பி கொண்டுபோகும் கோபுரங்களை இரண்டு வருஷமாக இங்கே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். அந்த ஆறு, அந்தக் காடு எல்லாம் அவருக்குக் காகிதத்தில் மட்டும் தெரியும். "இந்தத் தடவை அங்கே போகலாங்க. சொந்தக்காரன் ஒருத்தன்கூட இல்லாத நாடா ஒண்ணு பார்க்கணும்" என்றேன். அவருக்கும் ஆசைதான். ஆனால் அந்த வருஷம் பொங்கலுக்கு வரச்சொல்லி மாமனார் எழுதியிருந்தார். இவர் தயங்கித் தயங்கி விஷயத்தை எழுதினார். பதில் வந்தது, ரிட்டயரான தாசில்தாரின் குண்டு குண்டு எழுத்தில், ஒரே வரி. "பிரேசிலில் நமக்கு யார் இருக்கிறார்கள்?"

இரண்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நான் விடவில்லை. நச்சரித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, டிக்கெட்டை வாங்க வைத்தேன்.

எழுபத்திநாலு ஜனவரி ஐந்தாம் தேதி கிளம்பினோம். டோர்வால் ஏர்போர்ட்டுக்கு எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டவர் ரகுநாதன். கணக்குப் பேராசிரியர், எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மாதிரி. வெளியே மைனஸ் இருபத்தைந்து. போகிற இடத்தில் கொதிக்கும். அதனால் எங்கள் இரண்டு ஓவர்கோட்டையும் கழற்றி அவரிடமே கொடுத்தோம், திரும்பி வரும்போது கொண்டுவரச் சொல்லி. வீட்டுச் சாவியும் அவரிடம்தான், தபால் எடுத்து வைக்க. எந்தத் தேதியில் எந்த ஓட்டல் என்று நான் டைப் அடித்து அவர் மனைவி ரமாவிடம் கொடுத்திருந்தேன்.

ரியோவில் முதல் ஒரு வாரம் சொர்க்கம். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கோபகபானா கடற்கரையில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்த நடைபாதையில், முழங்கால் தெரிய அரை டிராயர் போட்டுக்கொண்டு நடந்தார். மாமரம் கண்டால் நின்றார். முந்திரிப்பழம் விற்கிறவளைப் பார்த்து ஓடினார். "பாரேன் வசு, மரவள்ளிக்கிழங்கு. பாரேன், நம்ம ஊர் பப்பாளி." சொந்தக்காரன் இல்லாத நாடு கேட்டேன் நான், அவர் என்னவென்றால் திரும்பின பக்கமெல்லாம் ஆற்காட்டைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் ஓட்டல் அறையில் டெலிபோன் அடித்தது. அவர் ஃபிலிம் சுருள் வாங்கப் போயிருந்தார்.

"வசுமதி, சீலன் பக்கத்துல இருக்கானா?" ரகுநாதனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"இல்லைங்கண்ணா, கடைக்குப் போயிருக்கார்."

"அதுவும் நல்லதுதான். உட்கார்ந்துக்கம்மா. ஒரு தந்தி வந்திருக்கு. படிக்கிறேன். 'அப்பா ஆஸ்பத்திரியில். உடனே புறப்படு. தணிகை.'"

தணிகாசலம் என் கொழுந்தன். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"போயிட்டாரா அண்ணா?"

"வேற என்னம்மா இருக்கும்? எங்கப்பா போனப்பவும் எனக்கு இதே மாதிரிதான் அடிச்சாங்க. நான் போய் இறங்கினப்போ எல்லாம் முடிஞ்சு பத்து நாள் ஆயிருந்தது."

இதை வெளியாளுக்கு விளக்க முடியாது. நம் குடும்பங்களில் இறந்துவிட்டார் என்று யாரும் தந்தி அடிப்பதில்லை. தூரதேசத்தில் தனியாக இருக்கிற பிள்ளை படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடக்கூடாதே. அதனால் ஆஸ்பத்திரி என்பார்கள், கவலைக்கிடம் என்பார்கள். நிஜமாகவே நோய் என்றால் கடிதம்தான் வரும், அதுவும் குணமான பிறகு. தந்தி வந்தாலே சாவு. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

"பக்குவமா நீயே சொல்லிடு. நான் சொல்றதைவிட நீ சொல்றதுதான் சரி" என்றார் ரகுநாதன். "சொல்லிடறேன் அண்ணா" என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ரியோவிலிருந்து மெட்ராசுக்கு எப்படிப் போனாலும் மூன்று நாள். ஆற்காட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் போட்டு வைக்கமாட்டார்கள். தணிகை கொள்ளி வைத்திருப்பான். முகம் பார்க்க வழியே இல்லை. அப்போது கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார், இரண்டு கையிலும் இரண்டு இளநீர்.

"நம்ம ஊர் மாதிரியே சீவித் தரான் வசு. அப்பா இதைப் பார்க்கணும். வழுக்கையா இருக்கான்னு தட்டிப் பார்த்துட்டுத்தான் வாங்குவார்."

வாயைத் திறந்தேன். இளநீரைக் குடித்தேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து ஆயிரம் தடவை என்னையே கேட்டுவிட்டேன். பாதி, அவர் சிரிப்பைப் பார்த்துத்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு வாரம் சிரித்த மனிதனிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு பாதி இருக்கிறதே, அது அவ்வளவு நல்லதில்லை. அறுபத்தொன்பதில் என் அம்மா இறந்தாள். அந்தக் கடிதத்தை இவர் பன்னிரண்டு நாள் ஆபீஸ் மேஜையில் பூட்டி வைத்திருந்தார், என் லேப் பரீட்சை முடியட்டும் என்று. பரீட்சை முடிந்து, கேக் வாங்கி வெட்டிய பிறகுதான் சொன்னார். நான் கத்தியபோது, "தெரிஞ்சு என்ன பண்ணியிருப்பே வசு?" என்று நிதானமாகக் கேட்டார். அந்தக் கேள்வி ஐந்து வருஷமாக எனக்குள் புகைந்துகொண்டிருந்தது. இளநீரைக் குடிக்கும்போது அது தலையைத் தூக்கிப் பார்த்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளைக்கு நாங்கள் இகுவாசு அருவிக்குப் போனோம். ஓர் அருவி இல்லை அது, வானத்தைக் கிழித்துவிட்டதுபோல் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். சாரலில் தொப்பலாக நனைந்தோம். மூக்கு நீண்ட, வாலில் வளையம் போட்ட ஒரு பிராணி கூட்டமாக வந்து என் பையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அருவிப் படம் போட்ட கார்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். "அன்புள்ள அப்பாவுக்கு, குற்றாலத்தை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள்..."

 உயிரோடு இல்லாத மனிதருக்கு என் கண்ணெதிரே கடிதம் எழுதுகிறார்.

"கொடுங்க, நான் கவுண்டர்ல போட்டுடறேன்" என்று வாங்கிக்கொண்டேன். போடவில்லை. செத்துப்போனவருக்குக் கார்டு போனால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? கைப்பையின் அடியில் சொருகிவைத்தேன். அதன் பிறகு ஒவ்வோர் ஊரிலும் ஒரு கார்டு. ஒவ்வொன்றையும் நான்தான் தபாலில் சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு சாவையே மறைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து புதிதாகக் கட்டிய தலைநகரம். காற்றாடக் கிடக்கும் செம்மண் பொட்டலில் கான்கிரீட்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் வைத்திருந்தார்கள். நடப்பதற்கு ஒரு மனிதன் இல்லை. பிறகு மனாஸ். காட்டுக்கு நடுவே அப்படி ஒரு நகரம், ரப்பரில் காசு பார்த்தவர்கள் கட்டிய நாடக அரங்கம், அதன் பின்னால் மீன் நாற்றம் அடிக்கும் துறைமுகம். அங்கே படுக்க ஊஞ்சல் துணி கட்டிய படகில் ஏறி நாலு நாள் ஆற்றில் போனோம். ஒரு பக்கம் டீ டிகாஷன் நிறத்தில் ஓர் ஆறு, மறுபக்கம் சேற்று நிறத்தில் இன்னோர் ஆறு, இரண்டும் ஒட்டாமல் பல மைல் தூரம் பக்கம் பக்கமாக ஓடின. படகில் எல்லோரும் ஒரே பக்கமாகப் போய் நின்று பார்த்தார்கள். இவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நல்லவேளை, நீ பிடிவாதம் பிடிச்சே" என்றார். எனக்கு ஆற்றில் குதித்துவிடலாம்போல் இருந்தது.

தீட்டு கேட்டவர்களுக்குத்தான். அவர் கேட்கவில்லை, அவருக்கு ஒன்றும் இல்லை. சுகமாக மீன் சாப்பிட்டார். நான் கேட்டவள். தினமும் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன், மீனைத் தொடவில்லை. வெயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பதினாறாம் நாள் என்று நான் கணக்கு வைத்திருந்த அன்று, படகின் பின்பக்கம் போய், தட்டிலிருந்த சோற்றை ஓர் உருண்டை பிடித்து விளிம்பில் வைத்தேன். அந்த ஆற்றில் காக்கைக்கு எங்கே போவது? கன்னங்கரேலென்று கழுகு ஜாதியில் ஒன்று வந்து பார்த்தது. சோறு அதற்குப் பிடிக்கவில்லை, போய்விட்டது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மாமனார் மேல் எனக்குப் பெரிய பாசம் கிடையாது. ஆனாலும் அழுதேன்.

கடைசி ஊர் சால்வதோர். கடலோரத்தில் மேடும் பள்ளமுமாகப் பழைய பட்டணம், எண்ணெய் மணக்கும் தெரு, பலாப்பழம் அறுத்து விற்கும் பெண்கள். பிப்ரவரி இரண்டாம் தேதி அங்கே கடலம்மனுக்குத் திருவிழா. விடியும்போதே ஊரே வெள்ளை உடுத்திக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது. கூடை கூடையாகப் பூ, சீப்பு, கண்ணாடி, சென்ட் பாட்டில், எல்லாவற்றையும் படகில் ஏற்றி அம்மனுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மேளம் காதைப் பிளந்தது. "ஆடிப் பெருக்கு தோத்துச்சு போ" என்று அவர் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

இன்னும் இரண்டு நாளில் மாண்ட்ரியலில் இறங்க வேண்டும். ரகுநாதன் வந்து நிற்பார். கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பற்றி விசாரிப்பார். இனி தள்ளிப்போட நாளே இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"இங்க வந்து உட்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

மணலில் உட்கார்ந்தார். சொன்னேன். பக்குவமாக எல்லாம் சொல்லத் தெரியவில்லை. "உங்கப்பா தவறிட்டார். தந்தி வந்தது" என்றேன்.

"எப்போ?"

"பன்னண்டாம் தேதி. நாம ரியோவுல இருந்தப்போ."

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"இளநீர் வாங்கிட்டு வந்தேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அருவியில நனைஞ்சப்போ?"

"தெரியும்."

"ஆத்துல, ரெண்டு தண்ணியும் சேருற இடத்துல?"

"தெரியும்ங்க."

"மூணு வாரம். ஒரு நாட்டைச் சுத்திக் காட்டினியே வசு." பிறகு, "கார்டெல்லாம்?" என்றார்.

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஏழு கார்டு. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். போட்டிருந்த சட்டை, பேண்ட், செருப்போடு நேரே கடலுக்குள் போனார். கழுத்தளவு தண்ணீரில் நின்று மூன்று முறை முங்கினார். கேட்ட நேரத்தில் தலை முழுக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் அவரையும் பக்தர் என்றே நினைத்துக்கொண்டார்கள். வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவி அவர் கையில் பூவைக் கொடுத்தாள். வாங்கிக் கடலில் விட்டார்.

ஈரத்தோடு தெருவில் ஏறி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு சலூனுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையையும் மீசையையும் தொட்டு, எல்லாம் என்று சைகை காட்டினார். சலூன்காரருக்குப் புரியவில்லை. பிரயாணப் புத்தகத்தில் படித்திருந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். "பாய்." அப்பா. அந்த ஆள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கத்தியைத் தீட்டினார்.

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. நான் கதவோரம் நின்றேன். அதற்கப்புறம் மாண்ட்ரியல் வரைக்கும், மூன்று விமானம், அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

டோர்வாலில் கண்ணாடிக் கதவு திறந்தது. எங்கள் இரண்டு ஓவர்கோட்டையும் கையில் போட்டுக்கொண்டு ரகுநாதனும் ரமாவும் நின்றார்கள். ரகுநாதன் சிரித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். இவர் தலையைப் பார்த்தார். மீசை இல்லாத முகத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா பண்ணிட்டே சீலா?"

"அப்பாவுக்கு வேற என்ன பண்ண முடியும் அண்ணா? இதுகூட மூணு வாரம் கழிச்சுத்தான்" என்றார் இவர்.

ரகுநாதன் என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கோட்டு கீழே விழுந்தது. உள்பையிலிருந்து நீல ஏரோகிராம் ஒன்றை எடுத்தார்.

"பத்து நாள் முன்னால தணிகை எழுதினது. நேத்துத்தான் உங்க தபால்ல பார்த்தேன். நீங்க ரியோவிலேருந்து நேரே மெட்ராஸ் போயிருப்பீங்கன்னு நான் இருந்துட்டேன். இதைப் படிச்சப்புறம்தான் சால்வதோர் ஓட்டலுக்கு போன் போட்டேன். காலி பண்ணிட்டீங்கன்னாங்க."

அவர் வாங்கிப் படித்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். அப்பாவுக்கு மார்வலி. வேலூரில் சேர்த்திருக்கிறோம். ஆபத்து தாண்டிவிட்டது என்கிறார் டாக்டர், ஆனாலும் நிச்சயமில்லை. தந்தி கொடுத்தும் நீ வரவில்லை, பதிலும் இல்லை. சீலன் பிளேன் வந்துடுச்சா என்று தினமும் மூன்று வேளை கேட்கிறார்.

உயிரோடு இருக்கிறவருக்கு முழுகிவிட்டு வந்து நிற்கிறோம். பெற்ற அப்பனுக்கு, அவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, மகன் மொட்டை போட்டுவிட்டான். இதைவிடப் பாவம் எங்கள் ஊரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போட வைத்தவள் நான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே நான் டிராவல் ஏஜெண்டுக்கு போன் செய்தேன். வெள்ளிக்கிழமை லண்டன் வழியாக ஓர் இடம் இருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"நான் போகலை" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பனி தள்ளுகிற வண்டி தெருவில் போய்க்கொண்டிருந்தது. "எந்தத் தலையோட போய் அவர் முன்னால நிக்கச் சொல்றே? தாலுகா ஆபீஸ்ல கள்ளக் கையெழுத்தைப் பத்தடி தூரத்துல இருந்து கண்டுபிடிச்ச மனுஷன் அவர். பார்த்த உடனே தெரிஞ்சுடும், தனக்குக் காரியம் முடிஞ்சுடுச்சுன்னு. அப்பவே நெஞ்சு நின்னுடும்."

"முடி வளர வரைக்கும் அவர் இருப்பாரா?"

"அதான் எனக்கும் தெரியலை" என்றார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் தொடப் போனேன். தோளை விலக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ரமா வந்தாள். அந்த வீட்டில் கணக்குப் பேராசிரியர் ரகுநாதன் என்றாலும், கணக்கு வருவது ரமாவுக்குத்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து பேசினாள்.

"உங்க குலதெய்வம் திருத்தணிதானே? அப்பா பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டேன், முடி கொடுத்தேன்னு சொல்லுங்க."

"சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றார் இவர்.

"பொய் எதுக்கு? மெட்ராஸ்ல இறங்கினதும் திருத்தணி பஸ் ஏறுங்க. ஒரு வாரத்து முளை இருக்குமில்ல, அதை நிஜமாவே முருகனுக்குக் கொடுத்துடுங்க. தலை நிறையச் சந்தனம் பூசிக்குங்க. காரியத்து மொட்டைக்குச் சந்தனம் கிடையாது, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அப்புறம் வேலூர் போங்க."

அவர் ரமாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "என் பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டார். சால்வதோருக்குப் பிறகு அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

போனார். ஐந்து வாரம். எனக்கு ஒரு கடிதம் இல்லை. "அப்பா நலம். வீடு வந்துவிட்டார்" என்று ரகுநாதனுக்கு மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தார். ரமா அதைக் கொண்டுவந்து காட்டினாள். அதைப் படித்துவிட்டு டெப்பனர் என்கிற தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனவள், பாலை மறந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஸ்லைடுகள் கழுவி வந்திருந்தன. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதல் சுருளில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ரியோவுக்குப் பிறகு வந்த படங்களில் எதிலும் நான் காமிராவைப் பார்க்கவில்லை. எடுத்த மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் பாதியில் வந்து சேர்ந்தார். தலையில் அரையங்குலம் முடி, மீசை அரும்பியிருந்தது. குளித்துவிட்டு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். காப்பியை வைத்தேன். நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"சந்தனம் காயறதுக்குள்ள வேலூர் போயிட்டேன். அப்பா கட்டில்ல உட்கார்ந்திருந்தார். பாதியா இளைச்சுப் போயிருந்தார். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். தணிகைக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அப்பா கிட்ட வரச் சொல்லி, குனியச் சொன்னார். தலையைத் தடவிப் பார்த்தார். 'எனக்காகவாடா?'ன்னு கேட்டார்."

 அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"ஆமாம்ப்பா, உங்களுக்காகத்தான்னேன். வார்டுல ஒருத்தர் விடாம சொன்னார். கம்பவுண்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். பெருக்க வந்தவங்ககிட்ட சொன்னார். என் பையன் கனடாவுலேருந்து வந்து எனக்காக முடி கொடுத்தான், அதான் பிழைச்சேன்னு. வீட்டுக்கு வந்தப்புறம் தெரு முழுக்க. நான் பக்கத்துலயே நின்னேன், ஒவ்வொரு தடவையும்."

 "மன்னிச்சுடுங்க" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"ஒரு நாள் கேட்டார், 'இதெல்லாம் உனக்குத் தோணாதே, மருமக யோசனைதானே?'ன்னு. அதுக்கும் ஆமாம்னு சொன்னேன்."

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேலே குண்டு குண்டு எழுத்தில் 'சௌபாக்கியவதி வசுமதிக்கு' என்று எழுதியிருந்தது. பத்து வருஷத்தில் மாமனார் என் பெயரை எழுதி நான் பார்த்ததில்லை. உள்ளே திருத்தணிக் குங்குமம். உடம்பு தேறியதும் தானே வண்டி வைத்து மலைக்குப் போய், எனக்கென்று அர்ச்சனை செய்து வாங்கி வந்ததாம்.

"நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு சொல்லச் சொன்னார். இட்டுக்கோ."

நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 

"இட்டுக்கோ வசு. இட்டுக்கிட்டாளான்னு கேட்டு எழுதுவார். அதுக்காவது நான் நிஜத்தைச் சொல்லணும்."

இட்டுக்கொண்டேன். அவர் கடைசிவரை பார்த்திருந்துவிட்டுத்தான் எழுந்து போனார்.